கோகா, எஃபெக்ட், ஃப்ளிக்ஸ், யூனிசன், ஓகேமல் 5: ஒரே நிரலை ஐந்திலும் எழுதிப் பார்த்தேன்

நிலைமாறி எழுதியது:

ஒரு பில் ஃபைல். வரிக்கு ஒரு தேதி, ஒரு பொருள், ஒரு தொகை. நூறு வரியில் மூன்று நான்கு உடைந்திருக்கும், தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு, இல்லையென்றால் தேதி பாதியில் நிற்கும். வரிகளைப் படித்துக் கூட்டிச் சொல்கிற ஃபங்ஷன் உடைந்த வரியைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்? ஒரு இடத்தில் அதைத் தாண்டிப் போக வேண்டும். இன்னொரு இடத்தில் அங்கேயே நின்றுவிட வேண்டும். வேறொரு இடத்தில் திரையில் ஆளிடம் கேட்டு, சரியான தொகையை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். இந்த முடிவு கூட்டுகிற ஃபங்ஷனுடையது அல்ல, அதைக் கூப்பிடுகிறவருடையது.

இந்த ஒரு நிரலைத்தான் நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து நிரல் மொழிகளில் எழுதினேன். இணையத்தில் இந்த மொழிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வசதிகளை அட்டவணை போடுகிறார்கள், இதில் ரோ டைப் (விளைவுகளை வரிசையாக அடுக்கும் டைப்) உண்டு, அதில் இல்லை என்று. அந்த அட்டவணை எனக்கு ஒருநாளும் உதவவில்லை. எழுதிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு மொழியின் விளைவு அமைப்பை (ஒரு ஃபங்ஷன் விடை தருவது தவிர வேறென்ன செய்யும், திரையில் எழுதுமா, எக்செப்ஷன் வீசுமா என்பதை டைப்பில் கணக்கு வைக்கும் முறை) எடைபோட அதன் மேப் ஃபங்ஷனின் டைப்பைப் பார்த்தால் போதும். ஒரு பட்டியலையும் ஒரு ஃபங்ஷனையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் அதை ஓட்டுகிற அந்தச் சின்ன ஃபங்ஷன், உள்ளே கொடுத்த ஃபங்ஷன் விளைவு உண்டாக்கினால் என்ன சொல்கிறது? அங்கேதான் எல்லாம் வெளியே வருகிறது.

(எஃபெக்ட் என்பது டியூபிங்கனில் யோனாதன் பிராக்ட்ஹாய்சர் குழு உருவாக்கும் மொழியின் பெயர். குழப்பம் வராமலிருக்க, மொழிக்கு எஃபெக்ட், பொதுவான கருத்துக்கு விளைவு என்று எழுதுகிறேன்.)

கோகாவில் மேப்பின் டைப்பைத் தமிழில் சொன்னால்: ஏ பட்டியல் ஒன்று, ஏ வாங்கி பி தரும் ஃபங்ஷன் ஒன்று, அந்த ஃபங்ஷனுக்கு இ என்ற ஏதோ விளைவு, மேப்புக்கும் அதே இ. அவ்வளவுதான். கொடுத்த ஃபங்ஷன் தூயதென்றால், அதாவது விளைவே இல்லாததென்றால், மேப்பும் தூயது, அது திரையில் எழுதினால் மேப்பும் திரையில் எழுதும். ஒரே மேப். இதைப் பெரும்பாலும் நாம் எழுதக்கூடத் தேவையில்லை, கம்பைலரே கண்டுபிடித்துவிடும். என் நிரலில் "உடைந்த வரி" என்று ஒரு விளைவை அறிவித்தேன், அதில் ஒரே ஆபரேஷன், வரியைக் கொடுத்தால் தொகை தர வேண்டும். கூட்டுகிற ஃபங்ஷன் அதைக் கூப்பிட்டதோடு சரி. வெளியே மூன்று ஹேண்ட்லர், அதாவது அந்த ஆபரேஷனுக்கு என்ன பதில் என்று முடிவு செய்யும் பகுதிகள். முதலாவது பூஜ்ஜியத்தைக் கொடுத்துத் தொடரச் சொல்கிறது. இரண்டாவது தொடரவே சொல்வதில்லை, அதனால் வேலை அங்கே முடிகிறது. மூன்றாவது ஆளிடம் கேட்டு, வந்த தொகையோடு தொடரச் சொல்கிறது. உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. முதல்முறை அது ஓடியபோது இருபது வருட நிரலாக்கத்தில் எத்தனை "எர்ரர் மோடு" பூலியன்களை ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் கடத்தியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

எஃபெக்ட் மொழியில் மேப்பின் டைப்பில் விளைவு மாறியே இல்லை. இ என்று ஒன்றும் கிடையாது. அது எப்படி என்பதைப் பிறகு எழுதுகிறேன், அது தனிக் கதை.

ஃப்ளிக்ஸில் கோகாவைப் போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே விளைவுகள் வரிசையல்ல, கணம் (செட்). கூட்டலாம், கழிக்கலாம். யூனிசனில் அம்புக்குறிக்குள் நெளி அடைப்பில் ஒரு மாறி. ஓகேமல் 5இல் மேப்பின் டைப் 1990களில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, விளைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யாராவது இவற்றில் நிஜமாக எழுதியிருந்தால் சொல்லுங்கள். எது வேகம் என்ற சண்டை வேண்டாம்.


புதுவரவு22 எழுதியது:

அண்ணா, நான் ஜாவா ஆள். ஒரு சந்தேகம். ஃபங்ஷன் என்ன தப்பு செய்யக்கூடும் என்று டைப்பிலேயே சொல்வதுதானே இது? ஜாவாவில் செக்டு எக்செப்ஷன் இருக்கிறதே. அதை எல்லோரும் திட்டுகிறார்கள். இதை மட்டும் ஏன் கொண்டாட வேண்டும்?


நிலைமாறி எழுதியது:

சரியான கேள்வி. செக்டு எக்செப்ஷன் ஒரு விளைவு அமைப்புதான், ஒரே ஒரு உறுப்பு குறைந்த விளைவு அமைப்பு. ஜாவாவில் ஸ்ட்ரீம் எடுத்து மேப் போட்டு, அதற்குள் ஐஓஎக்செப்ஷன் வீசும் லாம்டாவைக் கொடுத்துப் பாருங்கள். கம்பைல் ஆகாது. ஏனென்றால் மேப் வாங்குகிற ஃபங்ஷன் இன்டர்ஃபேஸில் எந்த செக்டு எக்செப்ஷனும் அறிவிக்கப்படவில்லை, "நீ எதை வீசுகிறாயோ அதையே நானும் வீசுவேன்" என்று சொல்ல ஸ்ட்ரீமின் மேப்பில் இடமும் இல்லை. அதனால் உள்ளே ட்ரை போட்டு ரன்டைம் எக்செப்ஷனாகச் சுற்றி வீசுகிறோம். எல்லோரும் திட்டுவது டைப்பில் எழுதுவதை அல்ல, இந்தச் சுற்றி வீசும் வேலையைத்தான்.

கோகாவின் அந்த இ என்ற ஒற்றை எழுத்துதான் குறைந்த உறுப்பு. இது புதிதுமல்ல. லூகாசனும் கிஃபர்டும் 1988இலேயே விளைவு மாறியோடு டைப் அமைப்பு எழுதிவிட்டார்கள், எம்ஐடியில் எஃப்எக்ஸ் என்ற மொழிக்காக. ஹேண்ட்லர் பின்னால் வந்தது, பிளாட்கினும் ப்ரெட்னாரும் 2009இல் எழுதியது. பிறகு ஸ்லோவேனியாவில் லூப்லியானாவில் பவரும் ப்ரெட்னாரும் எஃப் என்ற மொழியாக அதை ஓட்டிக் காட்டினார்கள். இன்றைக்கு நாம் பேசும் எல்லா மொழியும் அந்த இரண்டு ஓடைகள் சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது.


மூன்றாம்மாடி எழுதியது:

ஹாஸ்கலில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் லைப்ரரியாகவே கிடைக்கிறது. எஃபெக்ட்ஃபுல் இருக்கிறது, பாலிசெமி இருக்கிறது, புளூஃபின் இருக்கிறது. 2023இல் வந்த ஹாஸ்கல் கம்பைலர் ஜிஎச்சி 9.6 முதல் மிச்ச வேலையை (நின்ற இடத்துக்குப் பிறகு ஓட வேண்டிய நிரல் பகுதியை) பிடித்து வைக்கும் அடிப்படை வசதி ரன்டைமிலேயே சேர்ந்துவிட்டது. முதிர்ந்த கம்பைலர், ஆயிரக்கணக்கான பேக்கேஜ். பத்துப் பேர் எழுதும் ஆராய்ச்சி மொழிக்கு ஏன் போக வேண்டும்?


நிலைமாறி எழுதியது:

உங்கள் மொழியில் மேப் எத்தனை இருக்கிறது? மேப் ஒன்று, மேப்எம் ஒன்று. ஃபில்டர், ஃபில்டர்எம். ஜிப்வித், ஜிப்வித்எம். ஃபோல்டு, ஃபோல்ட்எம். விளைவு இல்லாத உலகத்துக்கு ஒரு தொகுதி, இருக்கும் உலகத்துக்கு இன்னொரு தொகுதி. நான் எழுதிய ஒரு தூய ஃபங்ஷனுக்குள் நடுவில் ஒரே ஒரு லாக் வரி போட வேண்டுமென்றால் அந்த ஃபங்ஷனை டூ பிளாக்காக (விளைவுகளை வரிசையாக எழுதும் ஹாஸ்கல் வடிவம்) திருப்பி எழுதி, அதைக் கூப்பிட்டவற்றையும் திருப்பி எழுத வேண்டும். எந்த லைப்ரரி வந்தாலும் இது போகாது, ஏனென்றால் பிரிவு லைப்ரரியில் இல்லை, மொழியின் தொடரமைப்பில் இருக்கிறது. கோகாவில் லாக் வரியைப் போடுவேன், டைப்புகள் தாமாக ஒரு விளைவு கூடிக்கொள்ளும், வாக்கியங்கள் அப்படியே இருக்கும்.

எஃபெக்ட்ஃபுல் நல்ல லைப்ரரி, மறுக்கவில்லை. ஆனால் அது ஐஓவின் (ஹாஸ்கலில் வெளியுலகைத் தொடும் நிரலின் டைப்) மேல் ரீடர் (சூழலை உள்ளே கடத்தும் அமைப்பு) வைத்துக் கட்டியது. அதனால்தான் வேகம். அதே காரணத்தால் மிச்ச வேலையை இரண்டு முறை ஓட்டிப் பின்வாங்கித் தேடும் நிரலை அதில் எழுத முடியாது.


மூன்றாம்மாடி எழுதியது:

மேப்எம் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிரிவு எனக்குப் பயனாகவும் இருக்கிறது. டூ என்று கண்ணில் பட்டாலே இங்கே வரிசை முக்கியம் என்று தெரிந்துகொள்கிறேன். கோகாவில் ஒரு வரியைப் படித்து அதில் விளைவு இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? எடிட்டரில் டைப்பைப் பார்த்தால்தானே தெரியும்? ரெவ்யூவில் வெறும் வித்தியாச வரிகளைப் பார்க்கும்போது அது தெரியாது. என் குழுவில் இது உண்மையான செலவு.


ஒட்டகப்பாதை எழுதியது:

ஓகேமல் பக்கத்திலிருந்து. "டைப்பில் ஒரு வார்த்தை இல்லை" என்பது உண்மை. ஆனால் ஏன் அப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 5.0 வெளிவந்தது டிசம்பர் 2022இல். அதற்கு முன் பல வருட உழைப்பு, முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் நம் சென்னை ஐஐடியைச் சேர்ந்த கே.சி. சிவராமகிருஷ்ணன். 2021இல் பிஎல்டிஐ என்ற நிரல் மொழி மாநாட்டில் வந்த அவர்களுடைய கட்டுரையைப் படித்தால் கட்டுப்பாடு புரியும்: ஏற்கெனவே உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான ஓகேமல் வரிகள் ஒன்றுகூட உடையக் கூடாது, வேகமும் குறையக் கூடாது, டீபக்கரும் ப்ரொஃபைலரும் அப்படியே ஓட வேண்டும். டைப்பில் விளைவைக் கொண்டுவந்திருந்தால் ஒவ்வொரு மேப்பின் டைப்பும் மாறியிருக்கும். அதனால் ரன்டைமை முதலில் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் வந்த 5.3இல் ஹேண்ட்லருக்குத் தனித் தொடரமைப்பும் வந்துவிட்டது, முன்பு ரெக்கார்டு எழுதி அவதிப்பட்டது போல இல்லை.

உங்கள் பில் நிரலை நானும் எழுதினேன், 40 வரிகூட இல்லை. மிச்ச வேலையை ஒரே முறைதான் ஓட்டலாம், இரண்டாம் முறை ஓட்டினால் எக்செப்ஷன் வரும். உங்கள் மூன்று ஹேண்ட்லருக்கும் அது போதும். நிஜ வேலையில் தேவைப்படுவது பெரும்பாலும் ஒருமுறைதான், லைட் த்ரெட், ஜெனரேட்டர், ஆசிங்க் எல்லாம் ஒருமுறைக்குள் அடங்கிவிடும்.


நிலைமாறி எழுதியது:

ஓகேமலை நான் குறை சொல்லவில்லை, இந்த ஐந்தில் நாளைக்கே சம்பள வேலைக்கு எடுத்துப் போகக்கூடியது அதுதான். ஆனால் என் மனதில் இருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், இந்த இழையை நான் தொடங்கியதே அதனால்தான்.

சில வருடம் முன்பு, பழைய வேலையில், ஓகேமலில் ஒரு கணக்குக் கருவி. அதில் நாங்களே எழுதிய ஒரு உதவி ஃபங்ஷன்: பட்டியலில் நடந்துகொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடும், பட்டியல் முடிந்தது என்பதைத் தெரிந்துகொள்ள உள்ளுக்குள் நாட்ஃபவுண்ட் எக்செப்ஷனைப் பிடிக்கும். நான் கொடுத்த ஃபங்ஷனுக்குள் ஹாஷ் டேபிளில் விலை தேடினேன். விலை இல்லாத ஒரு பொருள் வந்தது. தேடல் நாட்ஃபவுண்ட் வீசியது. அதை உதவி ஃபங்ஷன் பிடித்து, "சரி, பட்டியல் முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு, அதுவரை கூட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. மொத்தம் மட்டும் குறைவு. ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை, கணக்குப் பிரிவில் ஒரு அம்மா கையால் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

இரண்டு பேர் ஒரே பெயரில் கடிதம் போட்டால் வழியில் இருக்கிறவர் தனக்கு வந்தது என்று பிரித்துப் படித்துவிடுவது போன்றது இது. இந்த ஆபத்து எக்செப்ஷனுக்கு மட்டுமல்ல, எல்லா ஹேண்ட்லருக்கும் உண்டு. இந்த ஒரு இடத்தில் ஐந்து மொழிகளும் என்ன செய்கின்றன என்று பார்த்தபோதுதான் எனக்கு வித்தியாசம் உண்மையில் பிடிபட்டது.

கோகாவில் அதே உதவி ஃபங்ஷனை அதே தவறோடு எழுதினேன். கம்பைல் ஆனது. ஆனால் அதன் டைப்பைப் பாருங்கள், கொடுக்க வேண்டிய ஃபங்ஷனின் விளைவு வெறும் இ அல்ல, "எக்செப்ஷன், அப்புறம் இ" என்று வந்தது. அதாவது, நீ வீசும் எக்செப்ஷன் என் உள் ஹேண்ட்லரில் மாட்டும் என்று டைப்பே சொல்கிறது. நான் நினைத்திருந்தது வெறும் இ. அப்படி டைப்பை நானே எழுதி வைத்திருந்தால் கம்பைலர் ஏற்காமல் நின்றிருக்கும். சரிசெய்ய, கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் மாஸ்க் என்று ஒன்று போட வேண்டும், அது உள் ஹேண்ட்லரைத் தாண்டிப் போகச் சொல்லும். கோகாவின் ரோவில் ஒரே விளைவு இரண்டு முறை வரலாம் என்பது முதலில் விசித்திரமாகத் தெரிந்தது; அது ஏன் என்று இங்கேதான் புரிந்தது.

எஃபெக்ட் மொழியில் இந்தத் தவறை எழுதவே முடியவில்லை. நான் கொடுக்கும் ஃபங்ஷன் வீசும் எக்செப்ஷன், அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள ஹேண்ட்லருக்குப் போகிறது. ஓடும்போது நடுவில் யார் இருக்கிறார்கள் என்பது பொருட்டே அல்ல. மேப்பின் டைப்பில் விளைவு மாறி இல்லாததற்கும் இதுதான் காரணம். அங்கே ஒரு டைப்பில் "உடைந்த வரி" என்று இருந்தால் அதற்கு "இந்த ஃபங்ஷன் இதைச் செய்துவிடும்" என்று பொருளல்ல, "என்னைக் கூப்பிடுகிற இடம் எனக்கு இந்த வசதியைக் கொடுக்க வேண்டும்" என்று பொருள். மேப் எந்த வசதியையும் கேட்பதில்லை. அதற்குள் கொடுக்கும் ஃபங்ஷன், தான் எழுதப்பட்ட இடத்திலிருந்தே வசதியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. எனவே மேப்புக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இதைப் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் விலை உண்டு. அப்படி வசதியை எடுத்துக்கொண்டு போன ஃபங்ஷனை ஒரு பட்டியலில் போட்டு வைத்தால், ஹேண்ட்லர் முடிந்த பிறகு யாராவது எடுத்து ஓட்டினால்? அதனால் எஃபெக்டில் ஃபங்ஷன்கள் சாதாரணமாக இரண்டாம் வகுப்பு, வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம், ஆனால் திருப்பித் தரவோ சேமித்து வைக்கவோ முடியாது. சேமிக்க வேண்டுமென்றால் பெட்டியில் அடைக்க வேண்டும், அது எந்த வசதிகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெட்டியின் டைப்பில் வரும். கால்பேக்குகளைச் சேர்த்து வைக்கும் ஒரு ஈவென்ட் நிரலை எழுத முயன்றேன், ஒவ்வொரு அடியிலும் பெட்டி. அங்கே கோகா எளிது.

ஃப்ளிக்ஸில் உதவி ஃபங்ஷனின் டைப் "கொடுத்த ஃபங்ஷனின் விளைவு, அதில் நாட்ஃபவுண்டைக் கழித்தது" என்று வந்தது. கழித்தல் குறி டைப்பிலேயே தெரிகிறது. கோகா அளவுக்கு முரண்டு பிடிக்காது, ஆனால் படிப்பவர் கண்ணில் படும்.

ஓகேமலில், டைப் மௌனம்.


ஒட்டகப்பாதை எழுதியது:

அந்த நாட்ஃபவுண்ட் கதை எங்கள் எல்லோருக்கும் ஒரு முறையாவது நடந்திருக்கிறது. இப்போது நாங்கள் ஆப்ஷன் திருப்பித் தரும் ஃபைண்ட்ஆப்ட் தவிர வேறெதையும் ரெவ்யூவில் விடுவதில்லை. ஹேண்ட்லர் இல்லாமல் விளைவைச் செய்தால் ஓடும்போது அன்ஹேண்டில்டு என்று விழும், கம்பைல் நேரத்தில் தெரியாது. இதை மறைத்துப் பயனில்லை.


துளைநிரப்பி எழுதியது:

யாரும் இட்ரிஸ் 2 பற்றிப் பேசவில்லை, அதனால் வருகிறேன். உங்கள் எல்லோருடைய மொழியும் "இந்த ஃபங்ஷன் ஃபைலைத் தொடும்" என்று சொல்கிறது. "திறந்த ஃபைலை மூடிவிட்டுத்தான் போகும், ஒரு முறைதான் மூடும்" என்று எது சொல்கிறது? செயின்ட் ஆண்ட்ரூஸில் எட்வின் பிரேடி எழுதும் இட்ரிஸ் 2இல் ஒவ்வொரு மாறிக்கும் எண்ணிக்கை உண்டு. 0 என்றால் ஓடும்போது இருக்காது, டைப் சரிபார்க்க மட்டும். 1 என்றால் சரியாக ஒருமுறை பயன்படுத்தியாக வேண்டும். எண் போடாவிட்டால் எத்தனை முறையும். ஃபைல் கைப்பிடிக்கு 1 போட்டால் மூட மறந்த நிரல் கம்பைலே ஆகாது. மெக்பிரைடும் ஏட்கியும் வகுத்த டைப் கோட்பாடு அது. நான் தினமும் வேலை செய்யும் முறையையே அது மாற்றிவிட்டது: எழுதத் தெரியாத இடத்தில் கேள்விக்குறியோடு ஒரு துளையை விடுவேன், அந்த இடத்தில் எந்த மாறிக்கு இன்னும் எத்தனை எண்ணிக்கை மிச்சம் என்று கம்பைலர் காட்டும்.

இங்கே உங்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி. கைப்பிடியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஹேண்ட்லர் மிச்ச வேலையை இரண்டு முறை ஓட்டினால், அந்த மிச்ச வேலைக்குள் "ஃபைலை மூடு" இருந்தால்?


நிலைமாறி எழுதியது:

இரண்டு முறை மூடும். ஓட்டவே இல்லையென்றால் ஒருமுறைகூட மூடாது. நீங்கள் கை வைத்த இடம் சாதாரண இடமல்ல, எடின்பரோவின் லிங்க்ஸ் மொழியில் நேரியல் டைப்பும் (சரியாக ஒருமுறை பயன்படுத்த வேண்டியது) பலமுறை ஹேண்ட்லரும் (மிச்ச வேலையைப் பலமுறை ஓட்டக்கூடியது) ஒன்றாக இருந்ததால் டைப் அமைப்பிலேயே ஓட்டை இருந்தது. இதைச் சரிசெய்யும் கட்டுரை 2024 பாப்பல் மாநாட்டில்தான் வந்தது. மிச்ச வேலையையே எண்ண வேண்டும், எந்த ஆபரேஷனின் மிச்ச வேலை ஒருமுறைதான் ஓடும் என்று டைப் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கோகா டைப்பால் இதைத் தடுப்பதில்லை. ஃபைனலி (முடிவில் கட்டாயம் ஓட வேண்டிய பகுதி) உண்டு, மிச்ச வேலையை ஓட்டாமல் விட்டால் ஃபைனலி பகுதிகள் ஓடும். மிச்ச வேலை மறுபடி நுழையும்போது திரும்ப நடக்க வேண்டியதற்கு இனிஷியலி என்று ஒன்றும் உண்டு. கவனமாக எழுதினால் சரியாக ஓடும், எழுதாவிட்டால் இல்லை. எனக்கு இதில் திருப்தி இல்லை. ஓகேமல் ஒருமுறை மட்டும் என்று வைத்ததில் இந்தப் பக்கத்து ஞானம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.


மூன்றாம்மாடி எழுதியது:

வேகச் சண்டை வேண்டாம் என்றீர்கள், ஆனால் நினைவகம் பற்றிக் கேட்கலாம்தானே. கோகாவில் குப்பை சேகரிப்பி (பயன்படாத நினைவகத்தைத் தேடி விடுவிக்கும் பகுதி) இல்லை என்கிறார்கள். எப்படி?


நிலைமாறி எழுதியது:

பெர்சியஸ் என்று பெயர், 2021 பிஎல்டிஐ கட்டுரை. கோகாவை உருவாக்கிய டான் லெயனோடு லீன் மொழியின் லியோனார்டோ டி மூராவும் அதில் இருக்கிறார். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று எண்ணுவதுதான், ஆனால் கடைசிப் பயன்பாடு முடிந்த அந்த நொடியே விடுவிக்கும்படி கம்பைலர் எழுதித் தருகிறது. அதன் அழகு எண்ணுவதில் இல்லை. பட்டியலை மேப் செய்யும்போது பழைய முனையை எடுத்துப் பிரிக்கிறோம், உடனே புதிய முனை ஒன்று கட்டுகிறோம், இரண்டும் ஒரே அளவு. பழையது வேறு யார் கையிலும் இல்லையென்றால் அதே இடத்தில் புதியதைக் கட்டிவிடுகிறது. எழுதுவது தூய நிரல், ஓடுவது இருக்கிற இடத்திலேயே மாற்றும் நிரல். 2023இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், ஃபங்ஷன் முன்னால் ஃபிப் என்று எழுதினால் அது புதிதாக நினைவகம் கேட்கவே செய்யாது என்பதைக் கம்பைலர் சரிபார்க்கும்படி செய்தார்கள்.

இது விளைவு அமைப்போடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். ஆனால் எக்செப்ஷன் எங்கிருந்து வேண்டுமானாலும் பறக்கலாம் என்ற மொழியில், நடுவில் விட்டுப்போன பொருட்களின் எண்ணிக்கையை யார் குறைப்பது? கோகாவில் எக்செப்ஷனும் விளைவாக டைப்பில் இருப்பதால், கட்டுப்பாடு எங்கே தாவும் என்பது கம்பைலருக்கு வெளிப்படையாகவே தெரியும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஹேண்ட்லரில் ஆபரேஷனை சிடிஎல் என்று எழுதினால்தான் மிச்ச வேலையைப் பிடிக்கும் செலவு. பதில் சொல்லிவிட்டு உடனே தொடரும் ஆபரேஷன் என்றால் ஃபன் என்று எழுதலாம், அது சாதாரண ஃபங்ஷனைக் கூப்பிடுவது போலவே அந்த இடத்திலேயே ஓடிவிடும். என் பில் நிரலில் தாண்டிப்போகும் ஹேண்ட்லரை ஃபன் ஆக்கினேன், நின்றுவிடும் ஹேண்ட்லருக்கு சிடிஎல் தேவை.

யூனிசனைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. அதன் விளைவு அமைப்பு ஃபிராங்க் மொழியிலிருந்து வந்தது, எபிலிட்டி என்ற பெயர் உட்பட. நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மொழியின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது, ஒவ்வொரு டெஃபினிஷனையும் பெயரால் அல்ல, உள்ளடக்கத்தின் ஹாஷால் சேமிக்கிறது. பெயர் மாற்றினால் எதுவும் உடையாது, இன்னொரு கணினிக்கு ஃபங்ஷனை அனுப்பினால் அங்கே இல்லாத ஹாஷ்களை மட்டும் கேட்டு வாங்கும். அதற்குத் தனி இழை வேண்டும்.

ஃப்ளிக்ஸில் எனக்குப் பிடித்தது, ஆர்ஹூஸில் மேக்னஸ் மேட்சன் குழு செய்தது, லைப்ரரி எழுதுகிறவர் "எனக்குக் கொடுத்த ஃபங்ஷன் தூயதா" என்று நிரலுக்குள்ளேயே கேட்கலாம். தூயது என்றால் பல த்ரெட்டில் ஓட்டு, இல்லையென்றால் வரிசையாக ஓட்டு. பயன்படுத்துகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம். விளைவை டைப்பில் எழுதுவதால் நமக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். தவிர, பயன்படுத்தாத மாறி ஒன்று இருந்தாலும் அது பிழை, எச்சரிக்கை அல்ல. முதல் நாள் கோபம் வந்தது, மூன்றாம் வாரம் பழகிவிட்டது.


புதுவரவு22 எழுதியது:

அண்ணா, எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. ஒரு மாலையில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் செய்து பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்ய?


நிலைமாறி எழுதியது:

கோகாவை நிறுவுங்கள். இரண்டு விளைவு எழுதுங்கள். ஒன்று நாணயம்: சுண்டினால் ஹேண்ட்லர் மிச்ச வேலையை இரண்டு முறை ஓட்டி, இரண்டு விடைகளையும் பட்டியலாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்று எண்ணி: ஒன்று கூட்டி மதிப்பைத் தரும், பூஜ்ஜியத்தில் தொடங்கும், ஹேண்ட்லருக்குள் வார் மாறி வைத்து எழுதுங்கள். நிரல் இரண்டே வரி, நாணயத்தைச் சுண்டு, எண்ணியைக் கூட்டி அந்த மதிப்பைத் திருப்பிக் கொடு. முதலில் நாணய ஹேண்ட்லரை வெளியே, எண்ணியை உள்ளே வைத்து ஓட்டுங்கள். பிறகு மாற்றி வையுங்கள். விடையை இங்கே எழுதுங்கள்.


புதுவரவு22 எழுதியது:

ஓடிவிட்டது, மூன்று மணி நேரம் ஆனது, பாதி நேரம் டைப் பிழையைப் படிப்பதில் போனது. நாணயம் வெளியே இருந்தபோது 1, 1. மாற்றி வைத்ததும் 1, 2. நிரல் அதே இரண்டு வரிதான்! முதலாவதில் எண்ணியும் மிச்ச வேலைக்குள் அடங்கிவிடுவதால் ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது, இரண்டாவதில் எண்ணி வெளியே ஒன்றுதான், இரண்டு ஓட்டமும் அதையே கூட்டுகிறது. சரியா?

ஆனால் எண்ணிக்குள் வார் பதிலாக ரெஃப் வைத்து, அதை எல்லா ஹேண்ட்லருக்கும் வெளியே உருவாக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் 1, 2.


நிலைமாறி எழுதியது:

சரி, நூற்றுக்கு நூறு சரி. ரெஃப் என்பது நினைவகத்தில் நிஜமான ஒரு இடம், மிச்ச வேலையைப் பிடிக்கும்போது அதன் முகவரிதான் பிடிபடும், உள்ளே இருக்கும் மதிப்பு அல்ல. வார் ஹேண்ட்லரோடு சேர்ந்து பிடிபடும். இப்போது அந்த இரண்டு ரெஃப் நிரல்களின் டைப்பையும் வார் நிரல்களின் டைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரெஃப் வைத்ததில் ஹீப்பை (அந்த நினைவகப் பகுதியை) தொடும் விளைவு ஒன்று கூடுதலாக வந்திருக்கும்.